முன்சக்கரத்துக்குக் கோடு டயர்

டயர் கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடும்படி அனிஷா என்னைக் கேட்டுக்கொண்டாள். நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்த கையோடு. அடுக்களையில் அம்மா கறி வதக்கும் சத்தம் அப்பாவின் காதுக்குத் தடுப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டு அங்கே நின்று சொன்னாள். அவள் என் தங்கை. செம்பூரில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். எங்கள் சபையின் பாடகர் குழுவுக்கும் அவள்தான் செயலாளர். யாரையும் எதையும் கேட்டுக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, உத்தரவுதான் போடுவாள். ஆகவே விஷயம் பெரியது என்று தெரிந்தது.

டிசம்பர் பிறந்தால் பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வீடு வீடாகக் கேரல் ரவுண்டு கிளம்பும். தாராவியில் தொடங்கி குர்லா, காட்கோபர், செம்பூர், பாண்டுப் என்று சபைக் குடும்பங்கள் இருக்கும் இடத்துக்கெல்லாம் வேனில் போவார்கள். வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் கேக், காபி. வேனுக்கு முன்னால் அப்பா தன் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளில் போவார். ஹேண்டிலில் ஒரு காகித நட்சத்திரம் கட்டியிருக்கும். எந்தச் சந்துக்குள் யார் வீடு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்பது சபையில் எல்லோருடைய நம்பிக்கை. தனசீலன் என்ற பெயர் கோயில் ரெஜிஸ்டரோடு சரி. ஆட்கள் வாயில் அவர் பைலட்.

அந்த ஜாவாவின் இரண்டு டயர்களும் செத்துவிட்டன. பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடித்து, உள்ளே நூல் தெரிந்தது. டயர் மாற்றினால் அப்பா இந்த டிசம்பரிலும் முன்னால் போவார். மாற்றாவிட்டால் வண்டி படிக்கட்டுக்கு அடியில் நிற்கும், வேன் அவர் இல்லாமல் போகும். அனிஷாவுக்கு வேண்டியது இரண்டாவது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஹைவேயில் லாரிகள் அவரை உரசிக்கொண்டு போவதை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பாட்டே மறந்துபோகிறதாம். தவிர, எல்லாக் குடும்பங்களும் போனில் லொகேஷன் அனுப்பிவிட்டார்கள். போன வருஷம் பாண்டுப்பில் பின்சக்கரம் பஞ்சராகி, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, மீதி வீடுகளுக்குப் போகாமலே வேன் திரும்பிய கதையும் இருந்தது. கேக் சுட்டு வைத்துக் காத்திருந்தவர்கள் இன்னும் அம்மாவிடம் குறைப்படுகிறார்கள்.

டயர் வாங்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்ததற்குக் காரணம், எனக்கு வேலை இல்லை. ஐரோலியில் ஓர் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்காக ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விடிகாலையில் வெளியே வந்தேன், திரும்பிப் போகவில்லை. வீட்டில் இதை ரெஸ்ட் என்று சொல்லிவருகிறார்கள்.

அப்பாவின் நிபந்தனை தெளிவாக இருந்தது. இரண்டு டயரும் மூணேகால் பதினாறு, அதாவது மூணேகால் அங்குல அகலம், பதினாறு அங்குலச் சக்கரம். பின்னால் கட்டம் போட்டது. முன்னால் நீளவாக்கில் கோடு போட்டது. ஆதியில் அந்த வண்டியில் அப்படித்தான் இருந்ததாம்.

"கோடு டயரு கெடச்சா வாங்கு. இல்லன்னா ஒண்ணும் வேண்டாம். கண்டதையும் மாட்டிக்கிட்டு ஓட்டுறதுக்கு நான் வீட்லயே கெடப்பேன்" என்றார்.

பொய் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிகிச்சைக் கட்டணம் கேட்டு வரும் கோரிக்கைகளை மறுப்பதற்கு நல்ல காரணம் கண்டுபிடிப்பதுதான் நான் பார்த்த வேலை. காரணம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் மறுப்பது அந்தக் காரணத்துக்காக இருக்காது. குர்லா வரை போய், ஒரு டீ குடித்து, வெறுங்கையோடு வந்து இல்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

டீ குடித்த இடத்துக்கு எதிரே ஷேக் பரீத் என்பவரின் டயர் கடை இருந்தது. அதுதான் தப்பு. போர்டில் இந்தி, ஆங்கிலத்துக்குக் கீழே சின்னதாகத் தமிழும் எழுதியிருந்தது. மேலப்பாளையத்துக்காரர். கறுப்பு ரப்பருக்கு நடுவே வெள்ளைச் சட்டையில் அத்தர் வாசனையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் அந்தச் சட்டை எப்படி வெள்ளையாக இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஜாவாவுக்கு டயர் என்றதும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காட்டுறதுக்கா, ஓட்டுறதுக்கா?"

எனக்கு விளங்கவில்லை என்றதும் விளக்கினார். பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதை ஓட்டுவதில்லை. கண்காட்சி என்றால் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, துடைத்து, பரிசு வாங்கி, டெம்போவிலேயே திரும்பி வருவார்கள். அவர்களுக்கு வேண்டிய டயர் வேறு. ரோட்டில் போகிறவனுக்கு வேண்டியது வேறு.

அந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்க வேண்டும். காட்டுங்கள் பார்ப்போம் என்றேன்.

பதினாறு அங்குலத்தில் அவரிடம் நான்கு வகை இருந்தன. முதலாவது மொபெட் டயர். சக்கரத்தில் உட்காரும், ஆனால் ஜாவாவின் கனத்துக்கு ஒல்லி. இரண்டாவது மூன்றரை அங்குலம். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் ஜாவாவின் ஆழமான மட்கார்டுக்குள் அது சுற்ற இடம் போதாது, உரசும். மூன்றாவதைப் பரணில் இருந்து தானே இறக்கிக் கொடுத்தார். மூணேகால் பதினாறு, நீளவாக்கில் நான்கு கோடு. அப்பா கேட்டது அப்படியே இருந்தது. கறுப்பாக மின்னியது.

கையில் வாங்கியபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். பதியவில்லை. பக்கவாட்டை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன். பாலிஷுக்கு அடியில் தலைமுடி மாதிரி கீறல்கள் வாய் திறந்தன. எந்த வருஷம் செய்தது என்று பக்கவாட்டில் எண் இருக்கும், இதில் அதுவும் இல்லை. எண் போடும் வழக்கத்துக்கு முந்தைய சரக்கு. ஏதோ கோடவுனில் உபயோகிக்காமலே கிடந்து கிழடாகிவிட்டது.

"இது ரப்பர் இல்ல தம்பி, பல்லு" என்றார் பரீத் பாய், பெருமையோடு. "நிறுத்தி வைக்கதுக்கு இத விட்டா வேற கிடையாது. மழை ஈரத்துல பிரேக்கப் புடிச்சீங்கன்னா வண்டி மட்டும் நேரா போயிரும், நீங்க கீழ கெடப்பீங்க."

நான்காவது, இந்த வருஷம் செய்தது. அளவு சரி. ரப்பர் மெத்தென்று நகத்தை வாங்கிக்கொண்டது. ஆனால் கட்டம் போட்டது. முன்னாலும் பின்னாலும் அதே கட்டம்தான். இந்த அளவில் புதிதாகக் கோடு போட்ட டயர் தன் கைக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது என்றார். வேறு கடைகளிலும் கேட்டுப் பாருங்கள், எனக்குக் கோபமில்லை என்றார். கேட்டேன். அந்த வரிசையில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

முன்சக்கரத்துக்கு எதற்குக் கோடு என்று அதுவரை நான் யோசித்ததில்லை. பின்சக்கரம் தள்ளுகிறது, முன்சக்கரம் வெறுமனே உருண்டு திசை காட்டுகிறது. கோடுகள் அதை நேராகப் பிடித்து வைக்கும். தார் ரோட்டில் அது நல்லது. இப்போது ஊர் முழுக்கச் சிமெண்டு ரோடு. ஒரு பாளத்துக்கும் அடுத்த பாளத்துக்கும் இடையில் நீளவாக்கில் இடுக்கு விட்டிருக்கிறார்கள். கோடு டயர் அந்த இடுக்கில் இறங்கினால், வண்டி நாம் திருப்பும் பக்கம் போகாமல் இடுக்கு போகும் பக்கம் போகப் பார்க்கும். இதைப் பரீத் பாய் சொன்னதும் திரும்பும் வழியில் சயானில் இறங்கி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வீடுவரை நடந்தேன். இடுக்கு இருந்தது. சில இடங்களில் விரல் நுழைந்தது. குனிந்து விரலை விட்டுப் பார்த்தவனை ஒரு பெண்மணி ஏதோ தொலைத்தவன் என்று நினைத்து, என்ன விழுந்தது என்று மராத்தியில் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், சொல்லவேண்டிய பொய்யை மறந்துவிட்டுப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். கோடு இருக்கிறது, ஆனால் கிழடு. புதுசு இருக்கிறது, ஆனால் கட்டம். சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து அனிஷா என்னை முறைத்தாள். அப்பா கடைசிவரை கேட்டார்.

"அப்ப டயரு இல்லன்னு ஆயிட்டு" என்றார். அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கறி வைக்கச் சொன்னார்.

அவ்வளவுதான். அது எனக்கு இடித்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்து அந்த வண்டியை வைத்திருக்கிறார். ஒரு சின்ன ரப்பர் வாஷருக்காக கிராண்ட் ரோடு வரை போய் வருகிறவர். கட்டம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை, எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. கொண்டு வா பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. முகத்தில் ஏமாற்றம் இல்லை. எனக்குத் தெரிந்த முகம்தான் அது. மறுப்பதற்கு ஒரு நல்ல காரணம் கையில் வந்து விழுந்ததும் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அந்த முகம் வரும். கோடு டயர் கிடைக்காது என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கோடு டயர் கேட்டிருக்கிறார்.

எதற்கு என்பதுதான் புரியவில்லை. முட்டி வலியா? ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே இரும்புதான், இடது காலுக்கு வேலை அதிகம். ஆனால் போன வாரம்கூட ஒரே உதையில் கிளப்பினார். கண்ணா? பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். பயமா? அப்பாவுக்குப் பயம் வந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பது இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

அடுத்த நாள், வண்டியைத் தள்ளி நிறுத்தவாவது பின்சக்கரத்துக்கு ஒரு டயர் வேண்டும், கழற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல், உன் இஷ்டம் என்றார். சக்கரத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு குர்லா போனேன்.

கழற்றுவது லேசாக இல்லை. டயரின் விளிம்பு துருவோடு சேர்ந்து ரிம்மில் ஒட்டிப்போயிருந்தது. பரீத் பாயின் ஆள் இரண்டு பட்டைக் கம்பிகளை விட்டு நெம்பினான். நான் மேலே ஏறி நின்று மிதித்தேன். கடைசியில் ஒரு சத்தத்தோடு பிரிந்தது. உள்ளேயிருந்து ட்யூப் வந்தது. அதன்மேல் தூவியிருந்த பவுடர் கட்டியாகி, ஈரம் பட்டுக் காய்ந்த சுண்ணாம்பு போல ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். ஓர் ஒட்டுக்கூட இல்லை.

இன்னொரு முறை சுற்றினேன். போன வருஷம் பாண்டுப்பில் பஞ்சரான சக்கரம் இதுதானே என்று அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். பின்சக்கரம்தான், அதில் என்ன சந்தேகம், எல்லாரும் பார்த்தார்களே என்றாள். ட்யூபை மாற்றியிருக்கலாம் என்று பரீத் பாயிடம் சொல்லிப் பார்த்தேன். டயரைக் கழற்றாமல் ட்யூபை மாற்றுகிற வித்தை இருந்தால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார். இந்த டயர் ரிம்மை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆகிறது என்பதை அந்தத் துருவைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

பஞ்சர் ஆகவில்லை. ஆனால் காற்று இறங்கியிருந்தது, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். போன டிசம்பரில் நான் ஷிப்டில் இருந்தேன். கேரலுக்குப் போனவர்களில் பாடாத ஆள் ஒருவர்தான், வேன் ஓட்டிய மாரிசெல்வம். கோவில்பட்டிக்காரர். சபைக்காரர் இல்லை, ஆனால் வருஷா வருஷம் கேரலுக்கு அவர் வேன்தான். சக்கரத்தைக் கடையில் விட்டுவிட்டு மாட்டுங்கா லேபர் கேம்ப் போனேன். வேன் கதவைத் திறந்துபோட்டு, சீட்டில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சிரித்தார். வெகுநாளாக யாராவது கேட்பார்கள் என்று இருந்தவர் மாதிரிதான் சொன்னார்.

அன்றைக்குப் பாண்டுப்பில் முதல் இரண்டு வீடு சரியாகப் போனது. அதற்கப்புறம் மலைச்சரிவுப் பக்கம் ஏறவேண்டும். அப்பா ஒரு டீக்கடையைத் தாண்டித் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் அதே டீக்கடை வந்தது. மறுபடி திரும்பினார், மறுபடி வந்தது. வேனுக்குள் பிள்ளைகள் பாட்டில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

"சரிவு முழுக்கத் தகரம் அடிச்சு மறைச்சுட்டான் தம்பி, பில்டிங் கட்ட. உள்ள போற சந்து ஒண்ணு கூட இல்ல. அண்ணாச்சி வண்டிய ஓரங்கட்டி இறங்குனாரு. டயரப் பாக்க மாதிரி குனிஞ்சு, சாவியால வால்வ அமுக்குனாரு. நான் பின்னால ஹெட்லைட்டப் போட்டுட்டு நிக்கேன், எனக்குத் தெரியாதா?"

நீங்கள் ஏன் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சப்பரம் வழி மாறிப் போச்சுன்னா தவில்காரனா போய்ச் சொல்லுவான்?" என்றார்.

ரயிலில் குர்லாவுக்குத் திரும்பும்போது நிலைமையை எண்ணிப் பார்த்தேன். டயர் கிடைக்கவில்லை என்றால் அப்பாவுக்கு இன்னொரு தடவை ஊர் முன்னால் வழி தவற வேண்டியதில்லை. அனிஷாவுக்கு லாரிப் பயம் இல்லை. வேன் லொகேஷனைப் பார்த்துப் போய்விடும். எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான், அதைச் சொல்ல நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சியும் இருந்தது.

இரண்டு டயரும் கட்டம் போட்டதாகவே வாங்கினேன். இரக்கத்தால் என்று சொல்ல முடியாது. காரணத்தைப் பிடுங்கிவிட்டால் மனுஷன் என்ன செய்வார் என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. ஆபீசில் நாங்கள் காரணம் சொல்லி மறுத்த பிறகு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. பில் போடும்போது பரீத் பாய் ஒரு எச்சரிக்கை சொன்னார். புது டயரின் மேல்தோல் அச்சில் இருந்து வந்த வழவழப்போடு இருக்கும். அது தேய்கிறவரை பிடிப்பு இருக்காது. நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் அவசரப்படாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். அதற்குள் டக்கென்று சாய்க்கவோ பிரேக் போடவோ கூடாது.

படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து பின்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா இறங்கி வந்தார். முன்சக்கரத்துக்கு வாங்கிய டயர் சுவரில் சாய்ந்திருந்தது. பார்த்தார்.

"கோடு இல்லையே" என்றார்.

"இல்ல."

போய்விடுவார் என்று நினைத்தேன். குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் ரப்பரைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். அச்சில் அழுத்தும்போது பிதுங்கிய சின்ன ரப்பர் முடிகள் அதில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிய்த்து விரலில் உருட்டினார். அப்போது சொன்னேன்.

"எப்பா, பழைய ட்யூப்புல ஒரு ஒட்டு கூட இல்ல."

ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கினார். சக்கரத்தின் நட்டை முறுக்கினார். அது ஏற்கெனவே முறுகியிருந்தது.

"மாரிசெல்வம் சொன்னானா?"

"மொதல்ல ட்யூப்தான் சொல்லிச்சு. பெறகு அவரும் சொன்னாரு."

மேல்வீட்டுப் பெண் பால் பாக்கெட்டோடு எங்களைத் தாண்டிப் படியேறினாள். அவள் கதவு சாத்துகிறவரை அப்பா நட்டையே முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஏல, அந்த மேட்டுல நான் எத்தனை வருசமா ஏறுதேன். கண்ணக் கட்டி விட்டாலும் ஏறிருவேன். அன்னைக்குப் போனா மேட்டையே காணும். வீடு போச்சுன்னா வேற வீட்டுல இருப்பான், தேடிக்கிடலாம். மேடு எங்கல போகும்?"

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லா."

"பின்னால வேன் நிறைய ஆளு நிக்கி. பைலட்டு எறங்கி வழி கேப்பானால?"

முன்சக்கரத்தைக் கழற்றித் தெருமுனைப் பஞ்சர் கடையில் புது டயரைப் போட்டுக் கொண்டுவந்தேன். அதை மாட்ட இருவரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். டயரைப் பழக்க வேண்டும், நூறு கிலோமீட்டருக்கு மேல் சும்மா மெதுவாக ஓட்டவேண்டும் என்று சொன்னேன். எங்கே போய் ஓட்ட என்றார். பகலில், வேன் இல்லாமல், பாண்டுப் போய்வரலாம் என்றேன். நட்டு சரியாக இருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அனிஷா என்னிடம் நேராக வந்தாள்.

"உன்கிட்ட வாழ்க்கையில ஒரே ஒரு பொய்தான் கேட்டேன்" என்றாள். ட்யூப் விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அது அப்பாவின் சங்கதி. பின்னால் நான் உட்கார்ந்துபோகிறேன் என்று மட்டும் சொன்னேன். நீ உட்கார்ந்தால் லாரி ஒதுங்கிப் போய்விடுமா என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். குர்லா வழியாக எல்.பி.எஸ். ரோடு. அப்பா ஆட்டோக்களையே முன்னால் விட்டு ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலுக்கும் வெகுதூரத்திலேயே வேகத்தைக் குறைத்தார். முன்பக்கம் லேசாக அலைகிற மாதிரி இருக்கிறது, கோடு இல்லாததுதான் காரணம் என்று காட்கோபர் வரை புலம்பினார். அதற்கப்புறம் ஓரிடத்தில் தார் முடிந்து சிமெண்டு ரோடு தொடங்கியது. நடுவில் நீளமான இடுக்கு. வண்டி அதைத் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. அப்பா கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார்.

"இதே எடத்துல போன மழைக்கு அந்தக் கோடு டயரு என்னைய இழுத்துட்டுப் போய் டிவைடர்ல தேச்சுது" என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி. என்னை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், இடுக்கை மறுபடி தாண்டினார். அடுத்த முறை இன்னும் சாய்வாக, இடுக்கோடு ஒட்டியே வந்து தாண்டினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. அப்பா கவலைப்படவில்லை. மூன்றாவது முறையும் போனார். திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டபோது கோடு பற்றிப் பேச்சே இல்லை.

பாண்டுப்பில் மாரிசெல்வம் சொன்ன டீக்கடை இருந்தது. தகரமும் இருந்தது. தகரத்துக்குப் பின்னால் மேடு இல்லாததைப் பார்த்தபோது, அப்பா பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. மண்ணை வெட்டி எடுத்துச் சமனாக்கி, அதில் கம்பிகள் நட்டிருந்தார்கள். டீக்காரரிடம் அப்பா வழி கேட்டார். இந்தியில், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டார். இங்கே இருந்த மதராசிகள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர் விசாரிக்கிறார் என்றார். சிலர் வாடகைக்குக் காஞ்சூர் போனார்கள், ஒரு குடும்பம் அம்பர்நாத், முதலில் கட்டி முடிந்த டவரில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கிறது என்றார் டீக்காரர். டவரைக் கையால் காட்டினார். அந்தக் கையின் திசையில் நான்கு டவர்கள் இருந்தன.

மூன்றாவது டவர்தான் சரியானது. கேட்டில் வாட்ச்மேன் வண்டியை உள்ளே விடவில்லை. விருந்தாளி வண்டி வெளியே, ஆள் மட்டும் உள்ளே, அதுவும் மேலே இருந்து வீட்டுக்காரர் சரி என்று சொன்னால். எங்களுக்கு வேண்டிய குடும்பம் பதினோராம் மாடியில் இருந்தது. அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்தார். லிப்டில் எத்தனை பேர் போகலாம் என்று வாட்ச்மேனைக் கேட்டார். வேன் நிறைய ஆள் கிடாருடன் வந்தால் விடுவீர்களா என்று கேட்டார். பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது, கமிட்டியிடம் முன்னாலேயே சொல்லவேண்டும் என்றார் வாட்ச்மேன். யார் கமிட்டி, எத்தனை மணிக்கு இருப்பார், கீழே பார்க்கிங்கில் நின்று பாடினால் பரவாயில்லையா என்று அப்பா கேட்டுக்கொண்டே போனார். இவ்வளவு கேள்வி கேட்டு அவரை நான் பார்த்ததில்லை. வாட்ச்மேன் அலுத்துப்போய் நாற்காலியை அப்பா பக்கம் தள்ளினார்.

வெளியே வந்து, வண்டியில் சாய்ந்து நின்றபடி அனிஷாவுக்குப் போன் செய்தார். அவள் வங்கியில் இருந்தாள். அந்தப் பக்கம் டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அனிஷா, கேளு. தாராவி, குர்லா, செம்பூரு எப்பவும் போல நான் முன்னால. பாண்டுப்ல மட்டும் உன் போன் முன்னால போட்டும், வேன் பின்னால நான் வாறேன்."

அவள் ஏதோ கேட்டாள். ஏன் என்று கேட்டிருப்பாள். அப்பா என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார்.

"இங்கன எல்லாம் மாறிக் கெடக்குட்டி. எனக்கு வழி தெரியல" என்றார்.

அந்தப் பக்கம் டோக்கன் எண்கள் இரண்டு போயின. பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா சரி, சரி என்றார். கமிட்டிக்காரர் நம்பரை வாட்ச்மேனிடம் வாங்கிவிட்டேன், அனுப்புகிறேன், நீயே பேசு என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது. ஊருக்குத் தண்ணீர் போகும் பெரிய குழாய்க்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு டீச்சர் குடும்பம். அப்பா ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். தெருமுக்கு வந்ததும் வலது கையை நீட்டினார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஒதுங்கி வழிவிட்டான். எங்கே திரும்புகிறோம் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது.